ஒத்துழைப்பு குறைவு

ஜூன் 9, திங்கள்

காலைலயே வெயில் கொளுத்துது. கரண்ட் ரெண்டு தடவை போச்சு.

இந்த நோட்டு பெனசீர் கொடுத்தது. புதுசா வர்ற பிசியோதெரபிஸ்ட். ஆவடியிலிருந்து ஸ்கூட்டர்ல வர்றா. நாப்பது வயசு இருக்கும். "தினமும் நடந்ததை எழுதுங்க மேடம். நான் படிக்க மாட்டேன், உங்களுக்காகத்தான்." மறதிக்காம். எனக்கு மறதி கிடையாது. ஆனா எழுதறேன். இந்த வீட்ல யார் யார் என்னென்ன பொய் சொல்றாங்கன்னு ஆதாரம் வேணுமில்ல.

ஒவ்வொரு பக்கத்துலயும் இடது ஓரத்துல சிவப்புப் பேனாவால கோடு போட்டிருக்கா. அந்தக் கோட்டைத் தொட்டுட்டுத்தான் வரி ஆரம்பிக்கணுமாம். எந்தக் கோடுன்னு கேட்டேன். என் விரலைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் வச்சா. சரி, இருக்கு.

விவரம் எழுதச் சொன்னா. கற்பகம். 56. மேனாம்பேடு. பொம்பளைங்களுக்கு மட்டும் டிரைவிங் ஸ்கூல், இருபத்திரெண்டு வருஷம், சொந்தப் பேர்ல. மார்ச் மாசம் பக்கவாதம். மூளையில வலது பக்கம் அடைப்பு. இடது கை, இடது கால் கொஞ்சம் வீக். அவ்வளவுதான்.

டாக்டருங்க சொல்றது வேற. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே என் மூளை மறந்துட்டுதாம். கண் நல்லாத்தான் இருக்காம், மூளைதான் அந்தப் பக்கம் கவனிக்க மாட்டேங்குதாம். கவனம் குறைவு, ஞாபகம் குறைவு, அவசரம் ஜாஸ்தி. குறைஞ்சிருக்குங்கறதே எனக்குத் தெரியலையாம்.

இதுக்கு என்ன பதில் சொல்றது? இல்லன்னா, "பாத்தீங்களா, அதுதான் வியாதி"ங்கறாங்க.

ஜூன் 10, செவ்வாய்

பெ. (பெனசீர்னு முழுசா எழுத நேரமில்ல) வந்ததும் டிவியை நிறுத்தினா. ஃபேன் சத்தமும் ஜாஸ்தின்னு ஸ்பீட் குறைச்சா. வேர்த்துக் கொட்டிச்சு. "ஒரே நேரத்துல ஒரே விஷயம் மேடம்." சேர்லேர்ந்து எழுந்திரிக்கறது. உட்கார்றது. எழுந்திரிக்கறது. எட்டு தடவை. குழந்தைக்குச் சொல்லித் தர்ற மாதிரி.

இவர் (வீட்டுக்காரர், தணிகாசலம், ஆவடி ஃபேக்டரில ஃபோர்மேனா ரிட்டையர் ஆனவர்) என் இடது கையைப் பிடிச்சுத் தூக்கி விட வந்தார். பெ. போட்டா ஒரு சத்தம். "சார், அந்தத் தோளுக்கு இப்ப பிடிமானம் இல்ல. இழுத்தீங்கன்னா கழண்டுடும். கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, எப்பவுமே." இவர் முகம் சுண்டிப்போச்சு. மூணு மாசமா அப்படித்தான் தூக்கி விடறார். பாவம். பாவம்னு நினைச்சேன், அப்புறம் நினைச்சேன், ஓ, அதான் ராத்திரில தோள் அப்படி வலிக்குதா.

முன்னாடி வந்துட்டிருந்த பிசியோவை நான்தான் துரத்தினேன். "எழுந்திருங்க இடது காலை ஊனுங்க நிமிருங்க முன்னாடி பாருங்க"ன்னு மூச்சு விடாம சொல்வார். நான் அசையாம உட்கார்ந்திருந்தேன். அவர் ஃபார்ம்ல எழுதிட்டுப் போனது: ஒத்துழைப்பு குறைவு. நித்யா போன்ல படிச்சுக் காட்டினா. நித்யா மகள். பெங்களூர். ஐடி. பதினோராவது மாடி.

நான் யாருக்கும் ஒத்துழைச்சதா சரித்திரம் இல்லடியம்மா.

ஜூன் 12, வியாழன்

பெட்ரூம் கதவு நிலை என் தோள்ல இடிச்சுது. மூணாவது தடவை. கதவு வச்ச ஆசாரி அளவு சரியா எடுக்கல.

நைட்டி இவர்தான் போட்டு விடறார். தலை இவர்தான் வாரறார். பல் விளக்க பேஸ்ட் எடுத்து வைக்கறார். கேட்டா "உனக்கு எதுக்கு சிரமம்". ஃபேக்டரில இவருக்குக் கீழ முப்பது பேராம். இப்ப நான் ஒருத்தி.

பெ. இன்னிக்கு ஒரு பேப்பரை நீட்டினா. மூணு வாரம் கழிச்சு, ஜூலை 5, கிளினிக்லேர்ந்து சீனியர் வந்து டெஸ்ட் வைப்பாராம். முன்னேற்றம் இல்லன்னா பிசியோ நிறுத்திடுவாங்க.

"நிறுத்தினா?"

"நிறுத்தினா வீட்ல இருக்கறவங்க முடிவு."

வீட்ல இருக்கறவங்க முடிவு எனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிட்டு பெங்களூர். லிஃப்ட்ல ஏறி பதினோராவது மாடில உட்கார்ந்து ஆகாசத்தைப் பாக்கறது. மாட்டேன்.

ஜூன் 14, சனி

சாயங்காலம் வராந்தால சேர் போட்டு உட்கார்ந்தேன். புழுக்கம். மேகம் கட்டிக் கட்டிக் கலையுது.

மனசு கசந்து போச்சு. தேசம்மா பூ விக்க வர்றதில்ல. பதினஞ்சு வருஷமா நம்ம கேட் ஓரத்துலதான் முக்காலி போட்டு உட்காருவா. முதல் முழம் எனக்குத்தான் வெட்டுவா. எனக்கு இப்படி ஆனதும் வேற இடம் பாத்துட்டா போல. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இத்தனை நாள், எட்டிக்கூடப் பாக்கல. மனுஷங்க இவ்வளவுதான்.

"யக்கா"ன்னு அவ குரல் மாதிரி ஒண்ணு கேட்டுது. திரும்பிப் பாத்தேன். வலது பக்கம் எதிர் வீட்டுச் சுவர்தான் இருந்தது.

இவர்கிட்ட சொன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தார். உள்ளே போயிட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

ஒண்ணு ஒத்துக்கணும். பெ.க்குச் சொல்லித் தரத் தெரியுது.

"கால்." நிறுத்தறா. நான் காலை வைக்கறவரைக்கும் அடுத்த வார்த்தை கிடையாது. "எடை." நிறுத்தறா. என் இடுப்பைத் தொட்டு இடது பக்கம் சாய்க்கறா. "நில்." முன்னாடி வந்தவர் பத்து வார்த்தையில சொன்னதை இவ மூணுல முடிக்கறா.

நான் அப்படித்தான் சொல்லித் தருவேன். கிளட்ச்னா கிளட்ச் மட்டும். அப்ப கண்ணாடியைப் பத்திப் பேசக் கூடாது. எல்லாத்தையும் ஒரே நேரத்துல சொன்னா அந்தப் பொண்ணு கையைத் தூக்கிட்டு அழும். எத்தனை பொண்ணுங்க! கல்யாணம் ஆகி பத்து வருஷம் வீட்டு வாசல் தாண்டாதவங்க. அம்பத்தூர் எஸ்டேட் ரோட்ல லாரிக்கு நடுவுல ஓட்ட வச்சிருக்கேன்.

பெ.கிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சா. "அப்ப நான் செய்யற தப்பு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, திருத்திக்கறேன்."

இது நல்லா இருந்தது. மூணு மாசத்துல என்கிட்ட யாரும் எதுவும் கேட்டதில்ல.

நடந்தேன், ஹால்லேர்ந்து சமையல்கட்டு வரைக்கும், நாலு கால் ஸ்டிக்கோட. இடது கால் தரையைத் தேய்ச்சுட்டே வருது. நானா தேய்க்கறேன்? அதுவா தேய்ச்சுக்குது.

ஜூன் 19, வியாழன்

இவர் போன்ல, மெதுவான குரல்ல. எனக்கு காது வீக் இல்லங்கறதை எல்லாரும் மறந்துடறாங்க.

"அவளுக்குப் புரியலம்மா... எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுட்டிருக்கா... ஆமா, காரைக் குடுத்துடலாம்... போர்டையும் கழட்டிடறேன்... அவகிட்ட எதுக்குச் சொல்லணும்..."

என் கார். என் ஸ்கூல் போர்டு.

சாப்பிடல. கேட்டதுக்குப் பசிக்கலன்னு சொன்னேன். ஒரு முடிவு எடுத்திருக்கேன். இங்க எழுத மாட்டேன்.

ஜூன் 21, சனி

ஓட்டிட்டேன்!!

இவர் பத்து மணிக்கு பேங்க் வேலையா அம்பத்தூர் ஓ.டி. போனார். ஸ்கூட்டரை எடுத்தவர் கேட்டை மூடல. சாவி ஃபிரிட்ஜ் மேல டப்பால. இவருக்கு ஒளிச்சு வைக்கவும் தெரியாது. ஸ்டிக்கோட நானே வராந்தா ரெண்டு படி இறங்கினேன். காரைப் பிடிச்சுட்டே சுத்தி டிரைவர் சீட். உட்கார்ந்ததும் மூச்சு வாங்கிச்சு, ஆனா ஸ்டியரிங்கைத் தொட்டதும் எல்லாம் சரியாயிடுச்சு. கை மறக்காது. கியர் ஃபர்ஸ்ட்லயே போட்டு நிறுத்தியிருந்தார், நல்லதாப் போச்சு. கிளட்சை மிதிச்சேன். ஸ்டார்ட் பண்ணினேன். கால் கொஞ்சம் வழுக்கிச்சு, வண்டி ஒரு துள்ளு துள்ளிச்சு. பரவால்ல, நேரா விட்டேன். கேட் தாண்டி தெருவுக்கு வந்துட்டேன். பிரேக். வண்டி ஆஃப் ஆச்சு. அவ்வளவுதான். இருபது அடி. ஆனா ஓட்டினேன்.

ஏதோ கரகரன்னு சத்தம். யாரோ பொம்பளை கத்தினா. தெருவே கூடிடுச்சு. எல்லாருக்கும் பொறாமை. எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கினார். "என்னம்மா பண்ணியிருக்கீங்க!"ன்னார். என்ன பண்ணினேன்? ஓட்டினேன். பக்கவாதம் வந்தவ காரை எடுத்துட்டாளேன்னு வயித்தெரிச்சல்.

இவர் வந்து பாத்தார். திண்டாடறார். திண்டாடட்டும்.

நித்யாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லணும்.

ஜூன் 22, ஞாயிறு

பெ. லீவு நாள்லயும் வந்தா. இவர் கூப்பிட்டிருக்கார். திட்டுவான்னு தயாரா இருந்தேன். திட்டல.

"மேடம், கார் எப்படி ஓட்டினீங்க? சொல்லுங்க." சொன்னேன். "எங்கயாவது இடிச்சுதா?" இல்ல. "நிச்சயமா?" இருபத்திரெண்டு வருஷம் டிரைவிங் சொல்லித் தந்தவகிட்ட கேக்கறா.

"வாங்க, வண்டியைப் பாக்கலாம்."

நடந்து போனோம். டிரைவர் பக்கம் நின்னேன். வண்டி பளபளன்னு இருக்கு. "பாத்தியா?"ன்னேன். அவ என் கையைப் பிடிச்சு பானெட்டைச் சுத்திக் கூட்டிட்டுப் போனா. மெதுவா, ஒவ்வொரு அடியா. அந்தப் பக்கம் போனதும் என்னை நிறுத்தி, என் முகத்தைக் காருக்கு நேரா திருப்பினா.

முன் கதவிலேர்ந்து பின் கதவு வரைக்கும் கிழிஞ்சிருக்கு. தகரம் மடங்கி உள்ளே போயிருக்கு. சைடு கண்ணாடி வயர்ல தொங்குது. கேட் தூண்ல என் கார் பெயின்ட். தூண் செங்கல் ரெண்டு கீழே.

யாரோ வேற காரைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்காங்கன்னு சொன்னேன். சொன்னேன், எழுதறேன். வாயில வந்தது அதுதான்.

"நம்பர் படிங்க மேடம்." படிச்சேன். என் நம்பர்.

அப்புறம் தரையைக் காட்டினா. உடைஞ்ச முக்காலி. நசுங்கின பூக்கூடை. மல்லிப்பூ டயர் தடத்துல அப்படியே பசை மாதிரி.

"யக்கா."

தேசம்மா. முழங்கைல பிளாஸ்திரி. என் பக்கத்துலதான் நிக்கறா. ஒரு கை தூரம்.

"நீ எங்கடி போன இவ்ளோ நாள்?"ன்னு கேட்டேன்.

"நான் எங்க போனேன்? இங்கதான் கீறேன். தெனம் இங்கதான் குந்திகினு கீறேன். நீ ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே பாத்தேனே. யக்கா யக்கான்னு கூப்ட்டா நீ அந்தாண்ட பாக்கற. ஊட்டுக்குள்ள வந்து உன் தலமாட்லயே நின்னேன். மூஞ்சியத் திருப்பிக்கினே. இன்னாடா இது, யக்காவுக்கு நம்ம மேல இன்னா கோவம்னு நானே நெனச்சிகினு இருந்தேன். சார்தான் சொன்னாரு, கோவம் இல்லம்மா, அவளுக்குத் தெர்லன்னு."

"நேத்து..."

"நேத்து பூ கட்டிகினு இருந்தேன். வண்டி வர்ற சத்தம் கேட்டு எகிறி வுழுந்தேன். இல்லன்னா போயிருப்பேன்." சிரிச்சுக்கிட்டே சொன்னா.

கேட்டுக்கு இடது பக்கம். மூணு மாசமா அங்கதான் இருந்திருக்கா.

ஜூன் 23, திங்கள்

எழுத ஒண்ணுமில்ல. பெ. வந்தா. எழுந்திரிக்க மாட்டேன்னுட்டேன். அரை மணி பக்கத்துல சும்மா உட்கார்ந்துட்டுப் போனா.

கொன்னிருப்பேன்.

ஜூன் 24, செவ்வாய்

விடிகாலைல மழை. கொஞ்ச நேரம்தான்.

பெ. செருப்பைக் கழட்டறதுக்குள்ள கேட்டுட்டேன். "இல்லாத பக்கத்தை எப்படித் தேடறது? சொல்லிக் குடு."

அவ பையைக் கீழே வச்சா. "இல்லாத பக்கம் இல்ல. இருக்கற பக்கம். உங்களுக்குத் தோணாது. தோணும்னு காத்திருக்கக் கூடாது. தோணலன்னாலும் திரும்பணும். தலையோட, கழுத்தோட, தோளோட. சிவப்புக் கோடு வரைக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"பொய் சொல்லட்டுமா, நிஜம் சொல்லட்டுமா?"

"நிஜம்."

"சிலருக்கு நல்லாவே திரும்பி வருது. சிலருக்குக் கடைசி வரைக்கும் தேடிக்கிட்டேதான் இருக்கணும். நீங்க எந்த ஆளுன்னு எனக்குத் தெரியாது மேடம்."

சீ, இந்த ஊர்ல முதல் தடவையா ஒருத்தி நிஜம் சொல்றா.

வீடு பூரா சிவப்பு டேப் ஒட்டினோம். கதவு நிலை இடது ஓரம். பாத்ரூம் வாசல். டைனிங் டேபிள். சுவத்துல பேப்பர், பெரிய எழுத்துல, வரிசை மாத்தக் கூடாது:

ஸ்டிக் எங்கே
இடது கை எங்கே
இடது கால் எங்கே
திரும்பு
கோடு தெரியுதா
அப்புறம்தான் எழுந்திரி

ஆசாரி மேல தப்பு இல்ல. அளவு சரிதான்.

ஜூன் 26, வியாழன்

தேசம்மாவை பெ. வேலைக்குச் சேர்த்துட்டா. சம்பளம் கிடையாது. புது முக்காலில உட்கார்ந்துட்டு, நான் வராந்தால நடக்கும்போதெல்லாம் "யக்கா, நான் எங்க கீறேன்?"னு கத்தணும். நான் திரும்பித் தேடி, அவ கைல என்ன பூன்னு சொல்லணும். இன்னிக்கு பன்னெண்டு தடவைல அஞ்சு தடவை கண்டுபிடிச்சேன். ரெண்டு தடவை பூ பேரைத் தப்பா சொன்னேன், வேணும்னே. அவளும் வேணும்னே ஏமாத்தறா, கத்திட்டுக் கையைப் பின்னாடி ஒளிச்சுக்கறா.

"கண்ண மூடிகினு சொல்றியா? நல்லாத் திரும்புக்கா! கழுத்து சுளுக்கிக்காது!"

தெருவுல போறவங்க நின்னு வேடிக்கை. பாக்கட்டும். டிக்கெட்டா?

ஜூன் 28, சனி

நைட்டி நானே போட்டேன். நாப்பத்தி மூணு நிமிஷம்.

முதல்ல இடது கையை உள்ளே விடணும். வலது கையை முதல்ல விட்டா போச்சு. இடது கையைத் தேடணும். மடில கிடக்கு, யாரோ மறந்து வச்சுட்டுப் போன மாதிரி. எடுத்து உள்ளே விடணும். விட்டேன், கழுத்து வழியா விட்டுட்டேன். கழட்டு. மறுபடியும். இவர் வாசல்ல நின்னு தவிக்கறார். ரெண்டு அடி முன்னாடி வர்றார், ஒரு அடி பின்னாடி போறார்.

"சார், கையைப் பின்னாடி கட்டிக்குங்க" - பெ.

"அவ கஷ்டப்படறாம்மா."

"ஆமா. கஷ்டப்படட்டும்."

"நீங்க போட்டு விட்டா நாலு நிமிஷம்"னு நானும் சொன்னேன். "நாலு நிமிஷம் மிச்சம் பிடிச்சு என்னத்தைச் செய்யப் போறேன்? டிரெயின் பிடிக்கணுமா?"

கையைப் பின்னாடி கட்டிக்கிட்டார். அப்படியே நின்னார், ஸ்கூல் பையன் மாதிரி. கடைசியில நான் தலையை வெளியே நீட்டினப்ப அவர் கண் கலங்கியிருந்தது. நைட்டி முன்பக்கம் பின்பக்கம் மாறிடுச்சு. யாரும் சொல்லல. நானே பாத்துக் கண்டுபிடிச்சேன். அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

மோசம்.

பெ. நேத்து வரலன்னு சண்டை போட்டேன். ஏமாத்தறாங்க, வராமலே வந்ததா எழுதிக்கறாங்கன்னு கத்தினேன். இவர் வந்தாங்கன்னார். நீங்களும் அவகூடச் சேர்ந்துட்டீங்களான்னேன்.

பெ. நோட்டை எடுத்துக் கைல கொடுத்தா. முந்தின பக்கம். என் கையெழுத்து. "ஜூன் 30. பெ. வந்தா. படி ஏறி இறங்கினேன், ரெண்டு தடவை. தலைவலி." நான்தான் எழுதியிருக்கேன். எனக்கு அந்தப் படியும் ஞாபகமில்ல, தலைவலியும் ஞாபகமில்ல.

அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டேன். அதான் இப்ப ஜூன் 30 இல்ல.

ஆதாரம் வேணும்னுதானே எழுத ஆரம்பிச்சேன். யாருக்கு எதிரான்னு அப்ப யோசிக்கல.

சாயங்காலம் கிழிச்சதைப் பொறுக்கி எடுத்து உள்ளே வச்சேன். இவர் பசை கொண்டு வந்தார். நானே ஒட்டறேன்னுட்டேன். நோட்டோட கடைசிப் பக்கத்துல கோணலா ஒட்டியிருக்கு.

ஜூலை 4, வெள்ளி

நித்யா வந்துட்டா. பெங்களூர் பஸ் பூந்தமல்லி வந்து சேரவே மத்தியானம் ஆயிடுச்சாம். மெட்ரோ வேலை, டிராஃபிக். வந்ததும் காரைப் போய்ப் பாத்தா. ரெண்டு பெரிய சூட்கேஸ் காலியா கொண்டு வந்திருக்கா. நான் கேக்கல. அவளும் சொல்லல.

என்னோட பேசும்போது எல்லாம் வலது பக்கமே வந்து நிக்கறா. நல்ல பொண்ணு. விசாரிச்சுத் தெரிஞ்சுட்டு வந்திருக்கா.

நாளைக்கு டெஸ்ட்.

ஜூலை 5, சனி

சீனியர் பதினோரு மணிக்கு வந்தார். கண்ணாடி, லேப்டாப் பை, மரியாதையான ஆள். பெ. சுவரோரம் நின்னா. அவ பேசக் கூடாதாம்.

கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டு நம்பர் எழுதினேன். அவர் முகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது. பேப்பரைத் திருப்பிப் பாத்தேன். பன்னெண்டு நம்பரும் வலது பக்கமே நெருக்கியடிச்சு, ஷேர் ஆட்டோல ஏறின மாதிரி. இடது பக்கம் காலி.

"தப்பு"ன்னேன்.

"பரவால்லம்மா."

"பரவால்லன்னு சொல்லாதீங்க. தப்புன்னு எழுதுங்க. தப்புன்னு நான் சொன்னேன்னும் எழுதுங்க."

அஞ்சு வார்த்தை சொல்லி ஞாபகம் வச்சுக்கச் சொன்னார். ரெண்டு சொன்னேன். சேர்லேர்ந்து எழுந்து நடந்து திரும்பி வரச் சொன்னார். நேரம் பாத்தார். போன தடவையைவிடக் கொஞ்சம் வேகம்னார், கொஞ்சம்தான். அப்புறம் சொன்னார்: "இப்ப நடந்துக்கிட்டே, இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க."

நான் நின்னுட்டேன்.

"நடங்கம்மா."

"மாட்டேன். நடக்கும்போது பேச மாட்டேன். பேசும்போது நடக்க மாட்டேன். ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா விழுவேன். எனக்குத் தெரியும்."

அவர் ஏதோ டைப் பண்ணினார். என்ன எழுதறீங்கன்னு கேட்டேன். தயங்கினார். நித்யா எட்டிப் பாத்துட்டு மெதுவா சொன்னா: "ஒத்துழைப்பு குறைவு."

"மொத்தத்துல ரெண்டு பாயிண்ட்தான் ஏறியிருக்கு சார்"னு இவர்கிட்ட சொன்னார், என்கிட்ட இல்ல. "இந்த மாதிரி ஞாபகம், கவனம் பாதிச்சவங்களுக்கு பிசியோவால பெருசா பலன் இருக்காது. சொல்றது மனசுல நிக்காது இல்லையா. வீட்ல வச்சு நல்லாப் பாத்துக்குங்க."

"சார், நிக்குது. நாங்க சொல்ற விதத்துல..."ன்னு பெ. ஆரம்பிச்சா. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

நான் சேர்ல உட்கார்ந்தேன். உட்கார்ந்துட்டுத்தான் பேசினேன்.

"டாக்டர், ஒரு மாசம் முன்னாடி உங்க இடது பக்கம் என்ன இருக்குன்னு என்னைக் கேட்டிருந்தா, ஒண்ணுமில்லன்னு சொல்லியிருப்பேன். அடிச்சு சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லிட்டுத்தான் ஒரு பொம்பளை மேல காரை விடப் பாத்தேன். இப்ப கேளுங்க."

அவர் லேப்டாப்பைப் பாத்தார்.

"கேளுங்க."

"உங்க இடது பக்கம் என்ன இருக்கு?"

"தெரியல. திரும்பிப் பாத்துட்டுச் சொல்றேன்." திரும்பினேன். தலை, கழுத்து, தோள். சிவப்பு டேப் வரைக்கும். "ஜன்னல். ஜன்னல்ல தேசம்மா. ஒட்டுக் கேக்கறா."

"ஒட்டுலாம் கேக்கல, சும்மா நின்னுகினு இருந்தேன்"னு வெளியேர்ந்து குரல்.

"தெரியலன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு மாசம் ஆச்சு டாக்டர். இந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்தது. ஒரு தடவைக்கு ஒரு வார்த்தையா சொல்லிக் குடுத்தது. மனசுல நின்னுதா இல்லையா? இதுக்கு உங்க ஃபார்ம்ல எத்தனை பாயிண்ட்?"

அவர் ஃபார்ம்ல அதுக்கு இடமே இல்லையாம். நேர்மையா ஒத்துக்கிட்டார். பெ.யை வெளியே கூப்பிட்டுப் பேசினார். ரொம்ப நேரம் பேசினாங்க. பெ. குரல்தான் ஜாஸ்தி கேட்டுது.

இன்னும் ஆறு வாரம். வாரத்துக்கு அஞ்சு நாள் இல்ல, மூணு நாள். மத்த நாள் வீட்லயே.

ஜெயிச்சோம்னு எழுத மாட்டேன். பாதி.

போகும்போது பெ. என்கிட்ட, "அவர் உங்களுக்கு எதிரா எழுதினதை அழிக்கல மேடம்"ன்னா.

அழிக்க வேண்டாம்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலைல நித்யாவையும் இவரையும் உட்கார வச்சேன். டிவி ஆஃப். ஒரே நேரத்துல ஒரே விஷயம்.

ஒண்ணு. கார் ஓட்ட மாட்டேன். நீங்க சொல்றதுக்காக இல்ல. தேசம்மாவுக்காக. காரைக் குடுத்துடுங்க.

ரெண்டு. போர்டை இவர் கழட்டக் கூடாது. நான் பக்கத்துல நிக்கணும், நான் சொல்லணும், அப்புறம் கழட்டலாம்.

மூணு. பெங்களூர் வர மாட்டேன்.

"அம்மா, அப்பாவால தனியா முடியாது. விழுந்தீன்னா?"

"விழுவேன். பெனசீர் எழுந்திரிக்கறது எப்படின்னு சொல்லிக் குடுத்திருக்கா. விழறதும் ஒரு பாடம்தான்."

"எனக்குப் பயமா இருக்கும்மா. அங்க உக்காந்துட்டு போன் வந்தாலே பயமா இருக்கு."

எனக்கும் பயம்தான்னு சொன்னேன். மூணு மாசத்துல முதல் தடவையா. அவ ஆச்சரியமா பாத்தா. உன் பதினோராவது மாடில என் கதவு, என் டேப், என் தெரு எதுவும் இல்ல, அங்க நான் முதல்லேர்ந்து தொலைஞ்சு போவேன்னேன்.

மத்தியானம் போர்டு கழட்டினார். துரு பிடிச்ச ஸ்குரு. ஒண்ணு வரவே இல்ல. ஃபோர்மேன் வேர்த்து விறுவிறுத்துட்டார். நான் நின்னுட்டே இருந்தேன், பத்து நிமிஷம், ரெண்டு கால்லயும் எடை போட்டு. அழல. அழுவேன்னு இவர், நித்யா, கேட்ல தேசம்மா, மூணு பேரும் காத்திருந்தாங்க.

ஜூலை 7, திங்கள்

வானம் மூட்டம். காத்து நல்லா இருக்கு.

நித்யா கிளம்பினா. சூட்கேஸ் ரெண்டும் காலியாவே திரும்பிப் போகுது. ஆட்டோ வர ரெண்டு மணி ஆகும்னாங்க, ஒண்ணே முக்காலுக்கே வந்துடுச்சு.

வழியனுப்ப நானே நடந்து கேட் வரைக்கும் போனேன். இவர் பின்னாடி, கை ரெண்டும் முதுகுக்குப் பின்னாடி கட்டிட்டு. தேசம்மா ஒரு முழம் வெட்டி நித்யா தலையில வச்சா. ஆட்டோக்காரர் பெட்டியை ஏத்தினார். "வர்றேம்மா"ன்னு வலது பக்கம் வந்து என்னைக் கட்டிக்கிட்டா. அப்புறம் அவளைக் காணோம். ஆட்டோல ஏறிட்டான்னு நினைச்சேன். ஆட்டோ கிளம்பல.

யாரும் சொல்லல. டேப் இல்ல அங்க. நானாத்தான் திரும்பினேன். தலை, கழுத்து, தோள், இன்னும் கொஞ்சம்.

உடைஞ்ச தூணுக்குப் பக்கத்துல நின்னுட்டு அழுதுட்டிருந்தா. வாயைப் பொத்திட்டு, சத்தமில்லாம. மூஞ்சியைக்கூட மறைச்சுக்கல.

"அங்க நின்னு அழுதா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"ன்னு கேட்டேன்.